முடி உதிர்வுக்கு மூலிகைத் தைலம்: பரிசோதனை நடப்பது யாருடைய தலையில்?

வெருகல் பிரதேசத்தில், இலங்கைத்துறை முகத்துவாரத்தை அண்டிய கிராமங்களுக்கு இந்த வருடம் மூன்று தடவைகள் சென்றிருந்தேன். பெண்களின் நுண்கடன் பற்றி எழுதுவதுதான் நோக்கம். தவணை, கூலி, காணி என்று கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். மூன்று தடவையும் பேச்சு நான் எழுதியிராத ஓரிடத்தில் வந்து நின்றது. முடி கொட்டுகிறது. கட்டியாகக் கொட்டுகிறது. பின்னல் மெலிந்துவிட்டது. வகிடு அகலமாகிவிட்டது. அடுத்து கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினார்கள். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் வரும் தைல விளம்பரங்கள், ஒரே பெண்ணின் இரண்டு படங்கள், கீழே ஒரு வரி: ‘மருத்துவ ரீதியாகப் பரிசோதிக்கப்பட்டது’.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பரிசோதிக்கப்பட்டது என்றால் எது, யாரிடம், எத்தனை காலம், எதனோடு ஒப்பிட்டு?

காணாமல்போனோருக்கு இன்னும் பதில் கிடைக்காத மாவட்டத்தில், இலங்கைத்துறை என்ற பெயரே ‘லங்காபட்டுன’ என்று சுற்றுலாக் கையேடுகளில் மாறிக்கொண்டிருக்கும் கரையில், முடியைப் பற்றி எழுதுவது சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். அந்தப் பெண்கள் அப்படி நினைக்கவில்லை. மகளுக்குக் கலியாணம் பேச வேண்டியவர்கள் இருந்தார்கள். வீட்டுக்கு ஒரே உழைப்பாளியாக இருப்பவர்கள் இருந்தார்கள். ஒரு போத்தலின் விலை அவர்களுடைய ஒரு நாள் கூலியைத் தாண்டுகிறது. அந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்பதும் செய்தியாளர் வேலைதான்.

முதலில் முடி எப்படி உதிர்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இது தெரியாமல் எந்த விளம்பரத்தையும் எடைபோட முடியாது.

ஒரு தலையில் சுமார் ஒரு இலட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு முடி சில வருடங்கள் வளர்ந்து, பின்னர் இரண்டு மூன்று மாதங்கள் ஓய்வில் இருந்து, விழுந்துவிடும். அதே மயிர்க்காலில் புதியது முளைக்கும். இப்படி நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை விழுவது இயல்பு. ஆனால் கடுங்காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, பட்டினி, பெரும் அதிர்ச்சி போன்ற ஒன்று உடலைத் தாக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பகுதி ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடுகிறது. அவை அன்றைக்கே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத்தான் விழத் தொடங்கும். அமெரிக்கத் தோல் மருத்துவர் அல்பேர்ட் கிளிக்மன் 1961இல் இதை விளக்கி எழுதினார்.

இந்த இரண்டு மூன்று மாத இடைவெளிதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். மார்கழியில் டெங்கு வந்த பெண்ணுக்குப் பங்குனியில் முடி கொட்டும். அவர் பங்குனியில் மாற்றிய ஷம்புவையோ கிணற்றுத் தண்ணீரையோதான் சந்தேகிப்பார். மார்கழிக் காய்ச்சல் நினைவுக்கு வராது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படி ஆடியது என்பது இந்தப் பகுதி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடம் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். காய்ச்சல் தணிந்து சில மாதங்களின் பின் அவர்களில் எத்தனை பெண்கள் எண்ணெய்க் கடை தேடிப் போனார்கள் என்பதற்குக் கணக்கு வைப்பார் இல்லை.

இந்த வகை உதிர்வின் இன்னொரு இயல்புதான் வியாபாரத்துக்கு உதவுவது. தூண்டிய காரணம் நீங்கிவிட்டால், பெரும்பாலானோருக்கு ஆறு மாதங்களுக்குள் கொட்டுதல் தானாகவே நின்று, முடி மீண்டும் முளைக்கிறது. ஒரு பெண் கொட்டுதல் உச்சத்தில் இருக்கும்போதுதான் தைலம் வாங்குகிறார். அதற்குப் பின் எது பூசினாலும், எதுவும் பூசாவிட்டாலும், நிலைமை பெரும்பாலும் முன்னேறத்தான் செய்யும். மூன்று மாதத்தில் எடுத்த இரண்டாவது படம் உண்மையான படமாகவே இருக்கலாம். பெண் பொய் சொல்லவில்லை, விற்றவர்கூடப் பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்தப் படம் தைலத்தைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை.

ஒப்பீட்டுக் குழு என்ற ஒன்று ஆய்வுகளில் தேவைப்படுவது இதனால்தான். ஒரு பகுதியினருக்கு மருந்து, மறு பகுதியினருக்கு அதே நிறம், அதே மணமுள்ள மருந்தில்லாத ஒன்று. யாருக்கு எது என்பது பூசுபவருக்கும் தெரியக்கூடாது, முடியை எண்ணுபவருக்கும் தெரியக்கூடாது. 2004இல் வெளியான மினொக்சிடில் ஆய்வு ஒன்றில் 381 பெண்கள் 48 வாரங்கள் பங்குபற்றினார்கள். எல்லோரும் உச்சிப் பகுதியில் படிப்படியாக முடி மெலியும் பெண்கள். 5 வீத மருந்து பூசியவர்களுக்கு ஒரு சதுர சென்ரிமீற்றரில் சராசரியாக 24.5 முடிகள் கூடின. 2 வீத மருந்துக்கு 20.7. இந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த எண் மூன்றாவது குழுவினுடையது. மருந்தே இல்லாத திரவத்தைப் பூசிய பெண்களுக்கும் 9.4 முடிகள் கூடியிருந்தன.

இப்போது ரோஸ்மேரிக்கு வருவோம். எங்கள் ஊர்களில் முளைக்காத இந்தச் செடியின் எண்ணெய்தான் இன்று ரிக்ரொக் வழியாக வெருகல் வரை வந்திருக்கிறது. ‘மினொக்சிடிலுக்குச் சமம் என்று ஆய்வு சொல்கிறது’ என்பார்கள். அப்படி ஓர் ஆய்வு இருப்பது உண்மை. ஈரானில் நடந்து 2015இல் வெளியானது. 50 பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், 50 பேருக்கு 2 வீத மினொக்சிடில், ஆறு மாதங்கள். மூன்றாம் மாதத்தில் இரண்டு குழுக்களிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆறாம் மாதத்தில் இரண்டிலும் கூடியிருந்தது, இரண்டுக்குமிடையே வித்தியாசம் இல்லை. விளம்பரம் இத்துடன் நின்றுவிடுகிறது. அந்த நூறு பேரும் ஆண்கள். மருந்தில்லாத திரவம் பூசிய குழு கிடையாது. ரோஸ்மேரிக் குழுவில் முடி எண்ணிக்கை சுமார் 123இலிருந்து சுமார் 130 ஆனது, அவ்வளவுதான். இரண்டு ஆய்வுகளும் வேறு வேறு ஆட்களில், வேறு வேறு முறையில் நடந்தவை, ஆகவே எண்களை நேரடியாகப் பக்கத்தில் வைக்கக்கூடாது. ஆனாலும் ஏழு முடி எவ்வளவு பெரிய வெற்றி என்று விளங்கிக்கொள்ள அந்த 9.4 உதவும்.

ரோஸ்மேரியைக் குப்பை என்று சொல்ல வரவில்லை. ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் 1998இல் வெளியான ஆய்வு இதைவிடக் கவனமானது. புழுவெட்டு எனப்படும், வட்ட வட்டமாக முடி கழரும் நோயுள்ள 86 பேர். ஒரு குழுவுக்கு ரோஸ்மேரி, லவண்டர், தைம், சிடார் எண்ணெய்கள் கலந்த தாங்கி எண்ணெய், மற்றக் குழுவுக்குத் தாங்கி எண்ணெய் மட்டும். ஏழு மாதங்களின் பின் முதல் குழுவில் 44 வீதமானோருக்கும் இரண்டாவதில் 15 வீதமானோருக்கும் முன்னேற்றம். நல்ல வித்தியாசம். ஆனால் அது புழுவெட்டு. இலங்கைத்துறையில் என்னிடம் வகிட்டைக் காட்டிய பெண்களுக்கு இருந்தது அதுவல்ல.

சின்ன வெங்காயச் சாறும் இப்படித்தான். பக்தாத்தில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், சாறு பூசிய 23 பேரில் 20 பேருக்கு முடி முளைத்தது, வெறும் தண்ணீர் பூசிய 15 பேரில் இருவருக்கு மட்டும். அதுவும் புழுவெட்டுத்தான். வெங்காயத்தின் மணத்தை மறைக்க யாராலும் முடியாதே, யாருக்கு எது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒரு நோயில் கிடைத்த முடிவை இன்னொரு நோய்க்குத் தூக்கிக்கொண்டு வருவதுதான் இந்த விளம்பரங்களின் பொதுப் பழக்கம். மருத்துவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது.

எங்கள் சொந்த மூலிகைகளின் நிலை இன்னும் மெலிந்தது. இது எனக்கு வருத்தமான விடயம். கையாந்தகரை, தமிழ்நாட்டார் கரிசலாங்கண்ணி என்பது, தலைமுறை தலைமுறையாக எங்கள் வீடுகளில் எண்ணெயில் காய்ச்சப்படுகிறது. 2008இல் அதன் முடி வளர்க்கும் தன்மை பற்றி ஓர் ஆய்வு வெளியாகி இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. பரிசோதிக்கப்பட்டவை ஆண் வெள்ளெலிகள். செவ்வரத்தையிலும் 2003இல் ஓர் ஆய்வு நடந்தது, அதுவும் எலிகளில். அதில் பூச்சாற்றைவிட இலைச்சாறே கூடுதல் பலன் தந்தது. நாங்களோ பூவைக் காய்ச்சி எண்ணெயாக்குகிறோம், இலையைக் கசக்கி முழுகும்போது தேய்த்துக் கழுவிவிடுகிறோம். மழித்த எலி முதுகில் முடி எப்படியும் முளைக்கும், ஆய்வாளர் அளப்பது எவ்வளவு விரைவில் என்பதைத்தான். அந்த எலிக்குக் காய்ச்சல் வந்து முடி கொட்டவில்லை. பிள்ளை பெற்றுக் கொட்டவில்லை. நாற்பது வயதில் வகிடு அகலவில்லை.

பெண்களிடமே செய்யப்பட்ட சோதனைகள் இல்லாமல் இல்லை. உச்சியில் முடி மெலியும் 60 பெண்களில் பூசணி விதை எண்ணெயையும் 5 வீத மினொக்சிடில் நுரையையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2021இல் வெளியானது. நம்பிக்கை தரும் மாற்றங்கள் தெரிந்தன. ஆனால் மூன்று மாதம், சிறு குழு, மருந்தில்லாத குழு அதிலும் இல்லை. நல்ல தொடக்கம் என்று சொல்லலாம், போத்தலில் ஒட்டும் அளவுக்கு ஆதாரம் என்று சொல்ல முடியாது.

தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் ஓரளவு உறுதியான ஒரு விடயம் உண்டு. 2003இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. செய்தவர்கள் மும்பையின் மாரிக்கோ நிறுவன ஆய்வாளர்கள், அதாவது பாரசூட் தேங்காய் எண்ணெய் விற்பவர்கள். அதைத் தெரிந்துகொண்டே வாசிக்க வேண்டும். ஆனாலும் அந்த முடிவு முடி உடைவதைப் பற்றியது, முளைப்பதைப் பற்றியதல்ல. கையில் வந்த முடியின் அடியில் சிறு வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரோடு கழன்றது. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் நடுவில் முறிந்தது. முறிவுக்கு எண்ணெய் உதவும். அம்மம்மா வைத்த எண்ணெய் வீணில்லை. அவர் அதை முடி முளைக்கும் என்று போத்தலில் எழுதி விற்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அப்படியென்றால் நேர்மையான ஒரு பரிசோதனை இங்கே எப்படி இருக்கும்? இதைப் பற்றி யோசிக்கும்போதுதான் பிரச்சினை எவ்வளவு சுவாரசியமானது என்று விளங்கியது. எங்கள் பெண்களில் எண்ணெயே வைக்காதவர் அரிது. ஆகவே கையாந்தகரைத் தைலத்தை ஒன்றும் பூசாத தலையோடு ஒப்பிட்டுப் பயனில்லை. வெறும் தேங்காய் எண்ணெயோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே பச்சை நிறம், ஒரே மணம் வேண்டும். மாரி மழையில் பிடுங்கிய கையாந்தகரையும் கோடையில் பிடுங்கியதும் ஒன்றல்ல, அதிலுள்ள வெடலோலக்ரோன் போன்ற சேர்வைகளின் அளவை ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அளந்து சீராக்க வேண்டும். பங்குபற்றும் பெண்களுக்கு எந்த வகை உதிர்வு என்பதை முதலில் பிரிக்க வேண்டும். இரத்தச்சோகை, தைரொயிட், பிரசவம், காய்ச்சல் எல்லாம் கேட்டு, சோதித்து எழுத வேண்டும். உச்சியில் ஒரு சிறு இடத்தை அடையாளமிட்டு, அதே இடத்தை ஆறு மாதங்கள் படமெடுத்து எண்ண வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் முடியின் சுற்று முடியவே முடியாது. ‘21 நாட்களில்’ என்று எந்த விளம்பரத்தில் கண்டாலும் அதை அங்கேயே மூடிவிடலாம். மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளரும் முடிக்கு 21 நாள் என்பது ஒரு நகம் அளவுகூட இல்லை.

இதற்கான இடமும் ஆட்களும் எங்களிடம் இல்லாமலில்லை. இலங்கைத்துறையிலிருந்து மூதூர், கிண்ணியா கடந்து திருகோணமலை நகர் தாண்டினால் கோணேசபுரி. அங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அப்படியே. மூலிகையைத் தெரிந்தவர்களும் ஆய்வு முறையைப் படித்தவர்களும் ஒரே கட்டடத்தில் இருக்கும் வாய்ப்பு உலகில் பல நாடுகளுக்கு இல்லை. ஒரு பரியாரியின் ஏட்டிலுள்ள தைலத்தை எலியில் அல்ல, வெருகல், மூதூர்ப் பெண்களிடம், அவர்களுடைய சம்மதத்தோடு, இலவசமாக, கண்காணிப்போடு பரிசோதிப்பது பெருங்கோடிகள் கேட்கும் வேலையல்ல. பலன் இல்லை என்று தெரியவந்தால் அதுவும் பயனுள்ள பதில்தான்.

இன்று நடப்பது இதற்குத் தலைகீழ். பெண்களே காசு கொடுத்து, எவருடைய கண்காணிப்பும் இல்லாமல், முடிவை எவரும் எழுதிவைக்காமல், தம் தலையில் சோதித்துப் பார்க்கிறார்கள். சட்டம் அவர்களுக்குப் பெரிதாகத் துணை வரவில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் எல்லாவற்றையும் தன்னுள் அடக்குகிறது. மேலைத்தேய மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அதன் அதிகாரசபையும் இருக்கின்றன. வீட்டில் காய்ச்சி பேஸ்புக்கில் விற்கும் தைலம் வாங்குபவரிடம் தன்னை மருந்து என்று சொல்லும், கேள்வி கேட்பவரிடம் அழகுசாதனம் என்று சொல்லும். உட்பொருட்கள் எழுதாத போத்தல்களை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தயாரித்த திகதியும் இல்லை, முகவரியும் இல்லை, தொலைபேசி இலக்கம் மட்டும் உண்டு.

தீங்கு ஒன்றும் வராதுதானே என்பார்கள். 2025 மார்ச்சில் பஞ்சாபின் சங்ரூர் நகரில், வழுக்கைக்கு இலவச மருந்து என்று ஒரு முகாமில் தைலம் பூசினார்கள். கண் எரிந்து வீங்கி 60இற்கும் மேற்பட்டோர் வைத்தியசாலைக்கு ஓடினார்கள். இது அரிதாக நடப்பது. அடிக்கடி நடக்கும் தீங்கு வேறு, சத்தமில்லாதது. உண்மையான காரணம் கண்டுபிடிக்கப்படாமல் தள்ளிப்போவது.

மகாராஷ்டிராவின் புல்தானா மாவட்டத்தில் 2024 டிசெம்பரில் தொடங்கி சில கிராமங்களில் மக்களுக்குச் சில நாட்களிலேயே முடி முழுதாகக் கொட்டியது. பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். முதலில் ஷம்பு, தண்ணீர், பூஞ்சை என்று பேசினார்கள். பின்னர் மூத்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், பங்கீட்டுக் கடையில் கொடுக்கப்பட்ட கோதுமையில் செலினியம் அளவுக்கு மிஞ்சியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். அந்த மக்கள் கோதுமையை உண்டுகொண்டே தலைக்கு எந்தத் தைலத்தைப் பூசியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? காரணம் அவர்களுடைய தட்டில் இருந்தது.

எங்கள் பெண்களின் தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பேச வேண்டும். 2022இன் நெருக்கடிக்குப் பின் மீன் கரையோரக் கிராமங்களில்கூட ஒவ்வொரு நாளும் கறியாவதில்லை. கிடைப்பது முதலில் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் போகிறது. இரும்புச்சத்துக் குறைவுக்கும் முடி உதிர்வுக்கும் உள்ள தொடர்பில் ஆய்வாளர்கள் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை. ஆனால் முடி கொட்டுகிறது என்று வரும் பெண்ணுக்கு இரத்தச்சோகையையும் தைரொயிட்டையும் பார்க்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. மூச்சு வாங்குகிறது, களைப்பு, மாதவிடாயில் அதிகம் போகிறது என்று அதே பெண்கள் அதே பேச்சில் சொன்னார்கள். அதற்கு அவர்கள் மருந்து தேடவில்லை. முடிக்குத்தான் தேடினார்கள்.

போரையும் இங்கே அளவோடு பேச விரும்புகிறேன். 2006இல் ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கு இடம்பெயர்ந்து, அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்குப் போய், 2007இல் திரும்பியவர்கள். சுனாமி தாக்கி இரண்டு வருடங்கள்கூட ஆகாத நேரம். முகாமில் முடி கொத்தாகப் போனதை வயதான பெண்கள் சிலர் இன்றும் சொல்கிறார்கள். பசியும் காய்ச்சலும் பயமும் சேர்ந்த அந்த மாதங்களில் அப்படி நடந்திருப்பது மேலே சொன்ன விளக்கத்துக்குப் பொருந்துகிறது. நீடித்த மன அழுத்தத்தில் சுரக்கும் ஓமோன் எலிகளின் மயிர்க்கால்களை ஓய்விலேயே வைத்திருக்கிறது என்று 2021இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் இன்று கொட்டும் ஒவ்வொரு முடிக்கும் போரையே காரணம் சொல்லிவிட்டால், இன்றைய இரத்தச்சோகையும் இன்றைய கடனும் தப்பித்துவிடும். அதை நான் எழுதமாட்டேன்.

வேறு காரணங்களும் உண்டு. பாடசாலைக்காக இறுக்கிப் பின்னும் இரட்டைப் பின்னல் நெற்றியோர முடியை இழுத்து இழுத்துக் கழற்றும். அதற்கு மருந்து பின்னலைத் தளர்த்துவதுதான், விதியைத் தளர்த்த வேண்டியவர் அதிபர். உச்சியில் மெல்ல மெல்ல வகிடு அகலும் வகை தானாக மீளாது. அதற்கு மருத்துவர் சொல்லும் மருந்து நீண்ட காலம் தேவை, கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மினொக்சிடிலைத் தாமாக வாங்கிப் பூசக்கூடாது. வட்டமாகக் கழர்ந்தாலும், தலைத்தோல் எரிந்து, தழும்பு போல மினுங்கினாலும் காத்திருக்கக் கூடாது.

ஈச்சிலம்பற்று வைத்தியசாலைக்குப் போய் முடி கொட்டுகிறது என்று சொல்லப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். வரிசையில் நிற்கும் வேறு நோய்க்காரர் முன்னால் அது அலங்காரக் கவலை போலத் தெரியும் என்று பயப்படுகிறார்கள். கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது, எப்போது பிள்ளை பிறந்தது, எத்தனை நாளைக்கு ஒருமுறை மீனோ முட்டையோ சாப்பிடுகிறீர்கள், மாதவிடாய் எத்தனை நாள் என்ற நான்கு கேள்விகளுக்கான விடையைத் துண்டில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். இரத்தப் பரிசோதனைக்கு அரச வைத்தியசாலையில் காசு இல்லை.

விற்பவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. இலங்கையில் 2006இலிருந்து மருத்துவப் பரிசோதனைகளுக்கென ஒரு பதிவேடு இயங்குகிறது, இலங்கை மருத்துவச் சங்கம் நடத்துவது, உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மனிதரிடம் செய்யும் சோதனையைத் தொடங்குமுன் அதில் பதிந்தால் ஓர் இலக்கம் கிடைக்கும். எவரும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். மருத்துவ ரீதியாகப் பரிசோதிக்கப்பட்டது என்று எழுதிய மூன்று தைலக்காரர்களுக்கு அந்த இலக்கத்தைக் கேட்டு வட்ஸ்அப்பில் எழுதினேன். ஒருவர் விலைப்பட்டியல் அனுப்பினார். ஒருவர் இரண்டு போத்தல் வாங்கினால் மூன்றாவது இலவசம் என்றார். மற்றவர் என்னைத் தடைசெய்துவிட்டார்.